பதினேழு மில்லிமீட்டர்

மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவர ஆவுடைத்தாய் சிவகாசிக்குப் போயிருந்த மூன்று நாட்களில், அவளுடைய கத்தியைப் புதுசாக்கி வைப்பது என்று பரமகுரு முடிவு செய்தார். அவர் தீட்டத் தீட்ட அந்தக் கத்தி தேயாமல் அகலமாகிக்கொண்டே போனது.

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்று இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த இரண்டு மாதங்களில் மில் காலனி வீட்டில் ஆடிய கதவு, ஒழுகிய குழாய், கிறீச்சிட்ட தையல் மெஷின் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டு, இனி எதைத் தொடுவது என்று தெரியாமல் அவருடைய கைகள் மடியில் கிடந்தன. அப்போதுதான் அடுப்படி மேடையில் கத்தி கண்ணில் பட்டது. அது அவர் செய்த கத்தி. கல்யாணத்துக்கு முந்தின மாதம், இரும்பு அறுத்து உடைந்துபோன பெரிய ஆக்ஸா பிளேடு ஒன்றை மில் பட்டறையில் அறுத்து, ராவி, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் அடித்துக் கொடுத்தது. முப்பத்தொரு வருஷமாக ஆவுடைத்தாய் அந்த ஒரே கத்தியை வைத்துக்கொண்டு முன்னறையில் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். மூன்று ஷிப்ட் ஆட்களும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்; காலனியில் கல்யாணம், சடங்கு, கருமாதி எதுவானாலும் காய் வெட்டியது அந்தக் கத்திதான். இப்போது அது நடுவில் உள்வாங்கி, ஒடுங்கி, விரல் அகலத்துக்கு வந்திருந்தது. பிடியின் மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

அவள் அதைத் தீட்டும் விதம் அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. சமையலுக்கு முன்னால் கொல்லையில் தண்ணீர்த்தொட்டியின் கல் விளிம்பில் அப்படி நாலு, இப்படி நாலு இழுப்பாள். இழுத்த கத்தியைக் கழுவ மாட்டாள், துடைக்கவும் மாட்டாள். கழுவினால் கூர் இறங்கிவிடும் என்பாள். கல்யாணமான முதல் மாதம் வாழைக்காய்ப் பொரியலில் கறுப்பாக ஒரு கீற்றைப் பார்த்துவிட்டு, "கழுவாத கத்தியால வெட்டுனதை நான் திங்க மாட்டேன்" என்று பரமகுரு தட்டைத் தள்ளினார். ஆவுடைத்தாய் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து கத்தி படாததை மட்டும் அவருக்கு வைத்தாள். மத்தியானம் மில் கேன்டீன். ராத்திரி இட்லியும் மிளகாய்ப்பொடியும், இல்லையென்றால் தயிர்ச்சோறும் அப்பளமும், கையால் ஆய்ந்த கீரையும். சண்டை பழக்கமாகி, அது பழக்கம் என்பதும் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

முதல் நாள் அவர் சைக்கிள் டியூபை அறுத்தார். ஏழு சுற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு வருஷத்து டியூப். அடியில் இருந்த கட்டையில் நாலு விரல்களின் பள்ளம் விழுந்திருந்தது. அதில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. கட்டையைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். தகட்டைப் பகல் முழுக்கப் புளிக்கரைசலில் ஊறப்போட்டார். கறை விட்டதும் முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நைசான உப்புத்தாள், பிறகு எண்ணெய் விட்ட தீட்டுக்கல். பத்து இழுப்புக்கு ஒருமுறை வேஸ்ட் பஞ்சால் துடைத்தார். பட்டறையில் அப்படித்தான், துடைக்காமல் அடுத்த வேலைக்குப் போகிறவனை அவர் ஃபிட்டர் என்றே மதித்ததில்லை.

தொடங்கும்போது, அகலம் அளக்கும் வெர்னியரில் கத்தி பதினேழு மில்லிமீட்டர் இருந்தது. ஒருமணி நேரம் தீட்டியபின் பதினேழரை. வெர்னியர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அளவு தெரிந்த ஒரு பேரிங் குண்டை வைத்துப் பார்த்தார். குண்டு சரியாகப் பன்னிரண்டு காட்டியது. கத்தியை இன்னும் பத்து இழுப்பு இழுத்து மறுபடியும் வைத்தார். பதினேழு புள்ளி ஆறு. பரமகுரு குழம்பினார். குழம்பினால் எப்போதும் செய்வதைத்தான் அப்போதும் செய்தார்: வேலையைத் தொடர்ந்தார்.

மூன்றாம் நாள் அது இருபத்துநாலுக்கு வந்திருந்தது. தறியில் ஓடித் தேய்ந்த நாடாக்கட்டை ஒன்றை அறுத்துப் பிடி செய்து, இரண்டு பித்தளை ஆணி அடித்து, லின்சீடு எண்ணெயை மூன்று தடவை பூசிக் காயவைத்தார். கத்தியில் முகம் தெரிந்தது.

ஆட்டோ வந்து நின்றதும் மகள் கோமதி இறங்கினாள். எட்டாம் மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்லப்பா, மூச்சு வாங்குது. சிவகாசில மாடி ஏறுனப்பகூட இப்படி வாங்கல" என்றாள்.

ஆவுடைத்தாய் உள்ளே போனவள் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, என் கத்திய எங்க?"

"கையில வச்சிருக்கது என்னவாம்?"

"இது கேக்கு வெட்டுற கத்தி மாதிரி இருக்கு. என் கத்திய எங்கன்னு கேட்டேன்."

"அதுதான் இது. புதுசாக்கிருக்கேன்."

"யாரு கேட்டா?"

அவள் ஒரு கத்திரிக்காயை எடுத்து நறுக்கிப் பார்த்தாள். காய் இரண்டாகி இரண்டு பக்கமும் ஓடியது. "என் கை இதுக்குள்ள இல்ல" என்று சொல்லிக் கத்தியை மேடையில் வைத்துவிட்டு, முக்குக் கடைக்குப் போய்ச் சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி ஒன்றை வாங்கிவந்து வேலையைப் பார்த்தாள்.

பாதி வேலையில் காட்டியதுதான் தப்பு என்று பரமகுரு நினைத்தார். நாற்பத்திரண்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால், கல்யாணத்தன்று அவள் கையில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கும், அப்போது எடுத்துக்கொள்வாள். தினமும் காலையில் கொல்லையில் உட்கார்ந்து தீட்டினார், துடைத்தார், அளந்தார், அளவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினார். இருபத்தேழு. முப்பது. முப்பத்துநாலு.

அந்த வாரங்களில் காலனியில் நடந்ததை யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசை வெள்ளையம்மாள் தண்ணீர்க்குடத்தைப் பாதிவழியில் இறக்கி வைத்துவிட்டு, எதற்காக இறக்கினோம் என்று யோசித்தபடி வெயிலில் நின்றாள். டெய்லர் மைதீன் பாய்க்கு ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது, இரண்டிலும் நூல் நுழையவில்லை. பிள்ளைகள் பலப்பத்தைத் தின்று தீர்த்துவிட்டுச் சுவரைச் சுரண்டினார்கள். பெரியவர்கள் ஜன்னல் கம்பியை நக்கத் தொடங்கினார்கள், முதலில் கதவைச் சாத்திக்கொண்டு, பிறகு காப்பி குடிப்பதுபோல வாசலில் நின்றே, பிறகு ஒருவர் வீட்டுக் கம்பியை ஒருவர் விசாரித்துக்கொண்டு. பெயின்ட் அடிக்காத கம்பிதான் ருசி என்று ஒரு கட்சியும், பம்ப்ரூம் கதவை மிஞ்ச எதுவுமில்லை என்று ஒரு கட்சியும் உண்டாயின. சங்கச் செயலாளர் பூலோகபாண்டி ஆபீஸ் சாவியை வாயில் அதக்கிக்கொண்டே கூட்டம் நடத்தினார். அந்த மாதத் தீர்மானங்கள் சுருக்கமாக இருந்தன. விருந்தாளி வந்தால் ஒரு செம்புத் தண்ணீரோடு தேய்ந்த லாடம் ஒன்றையும் தட்டில் வைத்து நீட்டும் வழக்கம் இரண்டாம் வரிசையில் வந்துவிட்டது.

எல்லோரும் செய்கிறார்களே என்று பரமகுருவும் ஒருநாள் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்துப் பார்த்தார். வெறும் தூசிதான் தெரிந்தது. தனக்கு மட்டும் ஏன் ருசி தெரியவில்லை என்பது அவருக்கு விளங்கவில்லை.

"எப்பா, ஒங்க வெர்னியரைக் கொஞ்சம் தாங்க" என்றாள் கோமதி.

"எதுக்கு தாயி?"

"சும்மா, வாயில வச்சுக்க."

அவர் வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, குச்சி ஐஸ் சப்புவதுபோல அதைச் சப்பினாள். அவளுடைய நகங்கள் வெளுத்துக் கிடந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் காலனிக்கு வரும் நர்ஸ் ஜெசிந்தா, கோமதியின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சிவகாசி ஆஸ்பத்திரிச் சீட்டில் ஹீமோகுளோபின் பத்து புள்ளி எட்டு என்று இருந்தது. ஜெசிந்தா பார்த்த முதல் வாரம் ஒன்பதரை. அடுத்த வாரம் எட்டு. இரும்பு மாத்திரை கொடுத்தாள், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்றாள். காலனி முருங்கைமரங்கள் மொட்டையாகின, மூன்றாம் வாரம் ஏழு புள்ளி இரண்டு.

"ஏழுக்குக் கீழ எறங்குச்சுன்னா இங்க வச்சுப் பாக்க முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் ஏத்தணும். ஏத்துனாலும்..." என்று சொல்லி நிறுத்திவிட்டு ஜெசிந்தா கோமதியின் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். "இன்னும் அஞ்சு வாரம் இருக்கு, பாப்போம்."

பிறகு அவள் காலனி முழுக்க விரல்களைக் குத்தினாள். எல்லோருக்கும் இறங்கியிருந்தது. நான்காம் வரிசையில் புதிதாகக் குடிவந்து தாங்களே பொங்கித் தின்னும் ஒடிசாக்காரப் பையன்கள் ஆறுபேருக்கு மட்டும் பதின்மூன்று, பதினாலு. சாப்பாட்டில்தான் ஏதோ என்று ஜெசிந்தா ஆவுடைத்தாயின் அடுப்படியைப் பார்க்க வந்தாள். அடுப்படியில் ஒன்றும் இல்லை. கொல்லையில் பரமகுரு தீட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் காலண்டர் தாள் கிடந்தது. அவள் அதை எடுத்துத் தன்னுடைய நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சநேரம் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இங்க ஏற ஏற அங்க எறங்குது" என்றாள்.

பரமகுரு கையை நிறுத்தினார். கத்தி முப்பத்தெட்டில் இருந்தது.

சாயங்காலத்துக்குள் காலனியே வந்துவிட்டது. முன்னறைப் பெஞ்சில் ஒரு தாம்பாளத்தில் கத்தியை வைத்திருந்தார்கள். கத்தி வளர்ந்ததை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தேய்ந்த இரும்பு எங்கே போயிருந்தது என்பது தெரிந்ததும் எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம்போலவே இருந்தது. காயோடு தின்றோம், உள்ளே இருந்தது, கூப்பிட்டார்கள், போய்விட்டது. அதில் தன் பங்கு எது என்பதுதான் பேச்சாக இருந்தது.

"இந்த முனைப்பக்கம் என்னுதா இருக்கும். நான் இங்க ஆரம்பத்துலயே சாப்புட்டவன்" என்றார் மைதீன் பாய்.

"மொதல்ல தேஞ்சது நடுதான், பாய். நீங்க நடுவுல இருப்பீக."

"என் மக சடங்குக்கு வெட்டுன பூசணிக்கா எந்த எடம்?" என்று வெள்ளையம்மாள் குனிந்து தேடினாள்.

ஒருத்தி குங்குமம் வைக்கப் போனாள். பூலோகபாண்டி சாவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இது தொழிலாளர்களின் பொதுச்சொத்து, சங்க ஆபீஸில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார். கண்ணாடிக்குள் வைத்தால் என் ரத்தத்தை நான் எப்படித் தொடுவேன் என்று ஒருவர் சத்தம்போட்டார். கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடும் சேலையின் வெள்ளைக் கரையும் ஒரே நிறத்தில் இருந்தன.

ஆவுடைத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கத்தியை எடுத்தாள். "சைக்கிள் டியூபு ஒண்ணு கொண்டாங்க" என்றாள் புருஷனிடம். பரமகுரு தன் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை உருவிக் கொடுத்தார். மூன்று தடவை எண்ணெய் பூசிய பிடி மறையும்வரை அவள் இறுக்கி இறுக்கிச் சுற்றினாள்.

"எப்படிப் போச்சோ அப்படியே வரட்டும். நாளையிலருந்து எல்லாரும் இங்க வந்து சாப்பிடுங்க."

மறுநாள் காலையில் அவள் தொட்டி விளிம்பில் நின்று தீட்டினாள். அப்படி நாலு, இப்படி நாலு. முப்பத்தொரு வருஷப் பள்ளம் கல்லில் இருந்தது. அகலமான கத்தி அதில் சரியாக உட்காராமல் கீச்சிட்டது. பரமகுரு பக்கத்திலேயே நின்றார். தன்னால் ஆனது, தானே கூட நின்று முடித்துக்கொடுக்க வேண்டும் என்று இருந்தார். அவள் தீட்டித் தீட்டிக் கத்தியை அவரிடம் நீட்டி, முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வாங்கிப்போய்ப் பூசணியை வெட்டினாள், அவரையை வெட்டினாள், வாழைத்தண்டை வெட்டினாள். முன்னறை போதாமல் தெருவில் பாய் விரித்துக் காலனி உட்கார்ந்து தின்றது. மூன்று நாள் தின்றது. கத்தி முப்பத்தெட்டிலேயே இருந்தது. வெள்ளையம்மாள் குடத்தைப் பாதிவழியில்தான் இறக்கினாள். கோமதி, சோறு தின்ற கையோடு வெர்னியரைக் கேட்டாள்.

நான்காம் நாள் ஜெசிந்தா மறுபடியும் எல்லோரையும் குத்தினாள். கோமதிக்கு ஏழு. மற்றவர்களுக்கும் ஏறவில்லை. "சார், நீங்க மட்டும்தான் பாக்கி" என்று பரமகுருவின் விரலைப் பிடித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் குத்திவிட்டாள். மெஷினைப் பார்த்தாள். விரலைத் துடைத்துவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள்.

"பதினஞ்சரை" என்றாள்.

முன்னறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூலோகபாண்டியின் வாயில் சாவி பல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சாவியை எடுத்தார்.

"அண்ணாச்சி, எங்க எல்லாருதும் ஒங்க ஒடம்புலயா இருக்கு?"

"என்னப்பா பேசுறே?"

"நான் பேசல. மெஷின் பேசுது."

"தீட்டுனவரு அவருதான" என்றாள் வெள்ளையம்மாள் மெதுவாக. "கொஞ்சம் கொஞ்சமா நக்கிப் பாத்திருப்பாரு."

மைதீன் பாய், முப்பது வருஷமாக அவருடைய சட்டைகளைத் தைத்தவர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பரமகுரு மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை, கேள்விதான் இருந்தது. அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. தனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டோமோ? துடைத்த பஞ்சு வழியாக, விரல் வழியாக ஏறியிருக்குமோ? கத்தியைப் புதுசாக்கத்தானே நினைத்தோம்? அதைத்தான் நினைத்தோமா? அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு ஒடம்புல ஒங்களுது ஒரு துளி கெடயாது" என்றாள் ஆவுடைத்தாய் அடுப்படி வாசலிலிருந்து. "ஒங்களுது எறங்குச்சுன்னா அவரு கூப்புட்டாரு, எறங்குச்சு. அவருகிட்ட எறங்குறதுக்கு ஒண்ணும் இல்ல. முப்பத்தொரு வருஷமா என் கத்தி பட்ட காயி ஒண்ணுகூட அவரு வயித்துக்குள்ள போகல. கழுவாத கத்தியாம்."

"ஒரு நாள்கூடவா மதினி?" என்றார் பூலோகபாண்டி.

"ஒரு நாள்கூட."

"அப்ப தெனமும் என்னத்தத்தான் தின்னாரு?"

"பொடி" என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பரமகுருவைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார்கள். மைதீன் பாய் எழுந்துவந்து அவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இப்படிப் பார்ப்பதைவிடத் திருடன் என்று பார்த்ததே தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஆவுடைத்தாய் கொல்லைக்குப் போனாள். அவரும் பின்னால் போனார். கோமதியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். அப்படி நாலு, இப்படி நாலு. கத்தியின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஈரமாவு படிந்தது. அவள் வேர்வையைத் துடைக்கக் கத்தியை நீட்டினாள், அவர் வாங்கினார், இடது கை தானாக இடுப்புக்குப் போய் வேஸ்ட் பஞ்சை எடுத்தது.

"எப்பா" என்றாள் கோமதி. "என்ன செய்றீக?"

"என்ன செய்றேன்?"

"கையில என்ன?"

பரமகுரு குனிந்து பார்த்தார். பஞ்சு இருந்தது. இந்த மூன்று நாளும் அவள் தீட்டித் தீட்டிக் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொரு தடவையும் பளபளவென்று துடைத்துத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்திருந்தார். துடைத்தது அவருக்குத் தெரியாது. மூச்சு விட்டது தெரியாததுபோலத் தெரியாது. ஆவுடைத்தாய் வேர்வைத் துணியை முகத்திலிருந்து எடுத்துவிட்டு அவரையும் பஞ்சையும் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று நின்றார். அவள் கையை மட்டும் நீட்டினாள். துடைக்காத கத்தியை அவர் அதில் வைத்தார்.

அவள் வாழைக்காயைத்தான் எடுத்தாள். ஒவ்வொரு வில்லையின் ஓரத்திலும் கறுப்பு ஏறியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோமதிக்கு ஏழரை இருந்ததும், பிறகு எட்டே கால் ஆனதும், ஒன்பதரையில் அவள் காலனிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பெண்பிள்ளை பெற்றதும், வெள்ளையம்மாள் குடத்தை வீடுவரை கொண்டுபோனதும், ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்ததும், அதன்பின்னும் பூலோகபாண்டி மட்டும் பழக்கத்தில் சாவியை விடாததும் பின்னால் நடந்தவை. அன்று மத்தியானம் தெருவில் பாய் விரித்திருந்தது. பரமகுரு வழக்கம்போலச் சுவரோரமாக நின்றார். பிறகு வரிசையின் கடைசியில், மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

ஆவுடைத்தாய் பரிமாறிக்கொண்டே வந்தாள். அவர் இலைக்கு வந்ததும் கரண்டி நின்றது.

"கறுப்பா இருக்கும்" என்றாள்.

"வைய்யி."

அவள் வைத்தாள். அவர் ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டார். கல்யாணத்துக்கு முன்பு, பட்டறையில் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த ருசி இருந்தது. இது இவ்வளவு நாளும் இங்கேயா இருந்தது என்று நினைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

கத்தி அடுப்படி மேடையில் இருந்தது. வெர்னியர் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் கையெல்லாம் சோறாக இருந்தது, இலையில் இன்னும் பாக்கி இருந்தது. அன்று எவ்வளவு தேய்ந்தது என்று அவர் அளக்கவில்லை.